பல் இம்ப்ளாண்ட்: கையா, கைடா, கேமராவா?

பாம்பன், தங்கச்சிமடம், தொண்டிப் பக்கம் பல் போனவர்கள் இம்ப்ளாண்ட் (தாடை எலும்பில் பதிக்கும் டைட்டானிய வேர்) வைக்க விசாரித்தால் இன்று மூன்று வழிகள் காதில் விழும். டாக்டர் கைக்கணக்கில் எலும்பில் துளை போடுவது முதல் வழி. கம்ப்யூட்டரில் திட்டம் போட்டு, 3டி பிரிண்டரில் எடுத்த கைடை வாயில் பொருத்தி, அதன் ஓட்டை வழியே துளை போடுவது இரண்டாவது. டிரில் போகும் இடத்தைக் கேமரா கண்காணிக்க, திரையைப் பார்த்தபடியே செய்யும் நேவிகேஷன் மூன்றாவது.

எந்த வழி என்றாலும் முதல் செலவு, தாடையை 3டியில் காட்டும் சிபிசிடி ஸ்கேனுக்குத்தான். சாதாரண எக்ஸ்ரே தட்டைப் படம். எலும்பின் அகலம் அதில் தெரியாது. கீழ்த்தாடைக்குள் ஓடும் நரம்புக்கும் இம்ப்ளாண்டுக்கும் நடுவே 2 மி.மீ. இடைவெளி வேண்டும். நரம்பில் பட்டால் உதடும் தாடையும் மரத்துப்போகும், சிலருக்கு அது சரியாவதே இல்லை. ஸ்கேன் இல்லாமல் கடைவாயில் துளை போடச் சம்மதிக்காதீர்கள்.

ஒரே ஒரு பல், எலும்பு தாராளமாக இருக்கிறது, நரம்பு தூரத்தில் இருக்கிறது என்றால், அனுபவமுள்ள டாக்டரின் கையே போதும். செலவும் குறைவு.

கைடு தன் விலைக்கு நியாயம் செய்வது முன்பல்லிலும், வரிசையாகப் பல பல் போன வாயிலும், நரம்பு நெருங்கிய இடத்திலும்தான். கைடு வைத்தாலும் திட்டம் போட்ட இடத்துக்கும் இம்ப்ளாண்ட் உட்காரும் இடத்துக்கும் சராசரியாக 1 மி.மீ. சொச்சம், 3 முதல் 4 டிகிரி வரை விலகல் வரும். வெறும் கையில் விலகல் இதைவிடக் கூடுதல். ஸ்கேனை இணையத்தில் அனுப்பிவிட்டால் கைடை வெளியூர் லேப் செய்து கூரியரில் அனுப்பிவிடும் என்பது நம் ஊர்க்காரர்களுக்கு நல்ல வசதி.

ஆனால் கைடோடு வரும் டிரில் வழக்கத்தைவிட நீளம்; வாய் நன்றாகத் திறக்க வேண்டும். வருஷக்கணக்கில் பாக்கு, குட்கா மென்றவர்களில் பலருக்குக் கன்னத்தின் உள்பக்கம் இறுகி வாய் சரியாகத் திறக்காது. கடலுக்குப் போகிறவர்களிடம் இந்தப் பழக்கம் உண்டு என்பதால் அழுத்திச் சொல்கிறேன்: முன்பணம் கட்டும் முன்பே வாய் திறக்கும் அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். இன்னொன்று, டிரில்லைக் குளிர்விக்கும் சலைனைக் கைடு ஓரளவு மறைத்துவிடும். எலும்பு 47 டிகிரியில் 1 நிமிஷம் சூடானாலே கெட ஆரம்பிக்கும். அதனால் அவசரப்படாமல், இடைவெளி விட்டுத் துளை போடும் டாக்டர் வேண்டும்.

நேவிகேஷனில் இந்த இரண்டு தொல்லையும் குறைவு, நடுவில் திட்டத்தையும் மாற்றலாம். துல்லியம் கைடை ஒட்டியே இருக்கும். ஆனால் மிஷின் விலை அதிகம், நிறையப் பழக்கமும் வேண்டும். ஒரு பல்லுக்காக ராமேஸ்வரத்திலிருந்து சுமார் 170 கி.மீ. தள்ளி மதுரைக்கு இதைத் தேடி அலைய வேண்டாம் என்பேன். வாய் திறக்காதவர், நரம்பும் பக்கத்தில் இருப்பவர் என்றால் மட்டும் அலைச்சலுக்குப் பலன் உண்டு.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் முடித்துக்கொள்ளலாம் என்று விசைப்படகுக்காரர்கள் நினைப்பது நியாயம்தான். சர்ஜரிக்கு அந்த 61 நாள் தாராளம். ஆனால் எலும்பு டைட்டானியத்தைப் பிடிக்க, பொதுவாகக் கீழ்த்தாடையில் 3 மாதம், மேல்தாடையில் 6 மாதம் வரை ஆகும். மூன்று வழியிலுமே இந்தக் காத்திருப்பு ஒன்றுதான். இம்ப்ளாண்ட் மேல் கேப் (செயற்கைப் பல்) மாட்டும் தேதியை அதற்குத் தகுந்தபடி முன்கூட்டியே டாக்டரிடம் பேசி வையுங்கள்.