தபால் பெட்டிக்கு ஒரு மணி: வைஃபையா, காலிங் பெல்லா, லோராவா?

தண்டையார்பேட்டையில் எங்கள் வீடு மூன்றாம் மாடியில். தபால் பெட்டிகளோ கீழே, படிக்கட்டுக்கு அடியில், மின்மீட்டர்களை ஒட்டி மாட்டியிருக்கின்றன. விரைவுத் தபால் என்றால் மேலே வந்து கையெழுத்து வாங்குவார்கள். சாதாரணத் தபால் பெட்டியில் விழுந்து சத்தமில்லாமல் கிடக்கும். மாதப் பத்திரிகை வந்துவிட்டதா என்று பார்க்க, மூட்டுவலியோடு அம்மா தினமும் இறங்கி ஏறுவதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. பெட்டியில் தபால் விழுந்ததும் மேலே தெரியவேண்டும் என்று, சென்னையின் மின்னணுப் பொருள் சந்தையான ரிச்சி தெருவில் பாகங்கள் வாங்கி, வைஃபை, கம்பியில்லாக் காலிங் பெல், லோரா என மூன்று வகையிலும் செய்து பார்த்துவிட்டேன்.

மூன்றுக்கும் பொதுவானது, தபால் விழுவதை உணரும் பாகம். உடல் சூட்டை உணரும் பி.ஐ.ஆர். சென்சார் இங்கே சரிப்படாது. கையின் சூட்டுக்கும் சுற்றுப்புறச் சூட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை வைத்துத்தான் அது வேலை செய்கிறது. மே மாத மதியத்தில் தகரப் பெட்டியே கை அளவுக்குச் சுடுகிறது. சாதாரண மைக்ரோ சுவிட்சைக் கடற்காற்று அரித்துவிடும். காந்தம் அருகே வந்தால் இணையும் ரீட் சுவிட்சின் தொடுமுனைகள் மூடிய கண்ணாடிக் குழாய்க்குள் இருப்பதால் உப்பு உள்ளே போவதில்லை. பெட்டியில் தபால் போடும் துளைக்குப் பின்னால் மெல்லிய பிளாஸ்டிக் தகடு ஒன்றைத் தொங்கவிட்டு, அதன் நுனியில் பட்டாணி அளவு காந்தத்தை ஒட்டினேன். இன்லேண்ட் லெட்டர் தள்ளினாலும் தகடு அசைகிறது.

வைஃபை வழியில், ஈ.எஸ்.பி.8266 என்ற வைஃபை சில்லு தபால் விழுந்ததும் விழித்து, செல்போனுக்குச் செய்தி அனுப்புகிறது. ஆழ்ந்த உறக்கத்தில் சில்லுக்கு 20 மைக்ரோ ஆம்பியர் போதும். ஆனால் அது பொருத்தப்பட்ட பலகையில் இருக்கும் ஏ.எம்.எஸ்.1117 ரெகுலேட்டர் (மின்னழுத்தத்தைச் சீராக்கும் பாகம்) மட்டுமே சுமார் 5 மில்லி ஆம்பியரைக் குடித்துக்கொண்டிருக்கும். 2,500 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரி 500 மணி நேரத்தில், அதாவது மூன்றே வாரத்தில் தீர்ந்துவிடும். ரெகுலேட்டரை மாற்றிச் சரிசெய்யலாம். மின்தடையில் வீட்டு ரவுட்டர் அணைந்தால் செய்தி போகாது என்பதுதான் மாறாத குறை. அதைவிட முக்கியம், செய்தி வருவது என் செல்போனுக்கு. நான் வேலையில் இருப்பேன். காத்திருப்பவர் அம்மா.

கம்பியில்லாக் காலிங் பெல் மிக எளிது. பொத்தானின் இரு கால்களிலும் ரீட் சுவிட்சின் இரு கம்பிகளைப் பற்றவைத்தால் முடிந்தது. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: தகடு ஓய்வில் இருக்கும்போது காந்தம் சுவிட்சுக்கு நேரே நிற்கக் கூடாது. நின்றால் பொத்தானை அழுத்திப் பிடித்தது போலாகி, பேட்டரி வீணாகும். தகடு ஆடும்போது காந்தம் கடந்து போகும் இடத்தில் சுவிட்சை வையுங்கள். என் முதல் முயற்சியில் இதைக் கவனிக்காமல் இரண்டு பேட்டரிகளை இழந்தேன்.

இன்னொரு சிக்கல், பெட்டி இரும்பு. அலை வெளியே வராது. இந்த பெல் பயன்படுத்தும் 433 மெகாஹெர்ட்ஸ் அலைக்கு ஆன்டெனா 17.3 சென்டிமீட்டர் கம்பி. அதைச் சிறு துளை வழியே வெளியே எடுத்த பிறகுதான் மூன்று தளம் தாண்டி மணி அடித்தது. மின்தடைக்குப் பயந்து, பிளக்கில் செருகுவதை விட்டுப் பேட்டரியில் ஓடும் ரிசீவரையே வாங்கினேன்.

லோரா என்பது குறைந்த மின்சாரத்தில் சிறு செய்திகளை நெடுந்தூரம் அனுப்பும் ரேடியோ முறை. அது எட்டும் தூரத்துக்கு மற்ற இரண்டும் பக்கத்தில் நிற்க முடியாது. நம் நாட்டில் உரிமமின்றிப் பயன்படுத்தக்கூடிய 865–867 மெகாஹெர்ட்ஸுக்கான மாட்யூலைக் கேட்டு வாங்க வேண்டும். இரு முனைக்கும் பலகை, நிரல் எழுதும் வேலை, செலவு எல்லாம் கூடுதல். ஆன்டெனா மாட்டாமல் அலை அனுப்பினால் மாட்யூல் பழுதாகலாம். எங்களைப் போன்ற மூன்று மாடிக் கட்டடத்துக்கு இது தேவையில்லை. பெரிய குடியிருப்பில் பெட்டி நுழைவாயிலிலும் வீடு கடைசிப் பிளாக்கிலும் இருந்தால் தயங்காமல் இதையே செய்யுங்கள்.

எங்கள் வீட்டில் நிலைத்தது காலிங் பெல். பற்றவைத்த இடங்களில் மட்டும் நகப்பூச்சு தடவி வைத்திருக்கிறேன். கண்ணாடிக்கு வெளியே இருக்கும் கம்பியை உப்புக்காற்று விடாது. கூடத்தில் மணி அடித்தால் அம்மா பால்கனிக்கு வந்து தபால்காரரைப் பார்த்துக் கையசைக்கிறார். பத்திரிகையை மாலையில் நான் எடுத்து வருகிறேன்.