இருபடிச் சமன்பாடு: நடு உறுப்பைப் பிரிக்கறதா, சூத்திரமா, வர்க்கப் பூர்த்தியா?

பத்தாங்கிளாஸ் ஸ்டேட் போர்டு கணக்குல இருபடிச் சமன்பாட்டைத் தீர்க்க மூணு வழி வருது, காரணிப்படுத்தறது (அதாவது நடு உறுப்பைப் பிரிக்கறது), வர்க்கப் பூர்த்தி, சூத்திரம். பசங்க கிட்ட எது ஈஸின்னு கேட்டா சில பேர் நடு உறுப்பைப் பிரிக்கறதும்பாங்க, சில பேர் சூத்திரம்பாங்க, வர்க்கப் பூர்த்திய மட்டும் அந்தக் கேள்வி வந்தா போடுவோம் இல்லேன்னா சாய்ஸ்ல விட்டுடுவோம்னு தள்ளி வச்சிருப்பாங்க. நான் சொல்றது இதுக்கு நேர் எதிர், மூணுல ஒண்ணைத்தான் உக்காந்து ஆழமா படிக்க முடியும்னா அது வர்க்கப் பூர்த்தியாத்தான் இருக்கணும். ஏன்னு சொல்றதுக்கு ஒரே கணக்கை எல்லா வழிலயும் போட்டுப் பாத்துடலாம்.

6எக்ஸ்² + 7எக்ஸ் − 20 = 0.

முதல்ல நடு உறுப்பைப் பிரிக்கறது. 6ஐயும் −20ஐயும் பெருக்கினா −120, இப்ப பெருக்கினா −120, கூட்டினா 7 வர்ற மாதிரி ரெண்டு நம்பர் வேணும். 24, −5 போட்டா 19 வருது, 20, −6 போட்டா 14, 12, −10 போட்டா 2, கடைசியா 15, −8 போட்டா 7 வந்துடுச்சு. 6எக்ஸ்² + 15எக்ஸ் − 8எக்ஸ் − 20னு எழுதி முதல் ரெண்டுல 3எக்ஸ், அடுத்த ரெண்டுல −4 வெளிய எடுத்தா (2எக்ஸ் + 5)(3எக்ஸ் − 4). நிறைய பேர் வழுக்கற இடம் அந்த −4 தான், கழித்தலை வெளிய எடுத்ததும் உள்ள இருக்கற கழித்தல் கூட்டலா மாறணும், அதை மாத்தாம (2எக்ஸ் − 5)னு எழுதிட்டு ரெண்டு அடைப்புக்குறியும் ஒண்ணா வரலையேன்னு திரும்பவும் 120ல இருந்து தேட ஆரம்பிச்சிடுவாங்க, நம்பர் சரியாத்தான் இருந்திருக்கும்.

இந்த வழியோட பெரிய பலம் கையில காரணிகளாவே கிடைக்கறது. விகிதமுறு கோவையைச் சுருக்கணும், மீ.பொ.ம (மீச்சிறு பொது மடங்கு) கண்டுபிடிக்கணும்னா நமக்கு வேண்டியது காரணிதான். சூத்திரம் போட்டு 4/3, −5/2னு மூலம் (அதாவது எக்ஸோட மதிப்பு) கண்டுபிடிச்சு அதை வச்சு (எக்ஸ் − 4/3)(எக்ஸ் + 5/2)னு எழுதினா முன்னாடி இருக்க வேண்டிய 6 காணாம போயிடும், கோவையே வேறயா ஆயிடும்.

ஆனா பலவீனமும் பெருசுதான். எக்ஸ்² − 84எக்ஸ் + 1763 குடுத்தா 1763க்கு எதைன்னு தேடுவீங்க? எக்ஸ்² − 6எக்ஸ் + 4 குடுத்தா முழு எண்ல பதிலே கிடையாது, ஆனா இல்லைங்கறதை இந்த வழி முன்கூட்டியே சொல்லாது, எல்லா ஜோடியும் போட்டுப் பாத்து ஓஞ்சப்புறம்தான் தெரியும். அதனால நம்பர் பெருசா இருந்தா முதல்ல பி² − 4ஏசி பாத்துடுங்க (எக்ஸ்² முன்னாடி இருக்கற நம்பர் ஏ, எக்ஸ் முன்னாடி இருக்கறது பி, தனி நம்பர் சி, இந்த மூணும்தான் கெழு), புக்ல தன்மைகாட்டின்னு போட்டிருக்கும், கெழு எல்லாம் முழு எண்ணா இருந்து அது முழு வர்க்கமா வந்தா மட்டும் பிரிக்க உக்காருங்க. நம்ம கணக்குல 49 + 480 = 529, அது 23ஓட வர்க்கம், அதான் பிரிஞ்சுது.

சூத்திரத்தைப் பத்தி ரொம்பச் சொல்ல வேண்டியதில்ல. (−பி ± √(பி² − 4ஏசி)) / 2ஏ, நம்ம கணக்குல மேல −7 ± 23, கீழ 12, பதில் 4/3, −5/2. எந்தக் கணக்குக்கும் வேலை செய்யும், எக்ஸாம் ஹால்ல நேரம் கம்மியா இருந்தா இதான் கை குடுக்கும். எனக்கு இருக்கற ஒரே வருத்தம், எங்க இருந்து வந்துச்சுன்னே தெரியாம மனப்பாடம் பண்றதால 2ஏ எது வரைக்கும் கீழ வரும்னு ஒரு சந்தேகம் வந்துட்டா மீண்டு வர வழியே இல்ல.

இப்ப வர்க்கப் பூர்த்தி. பசங்க இதைப் பாத்து ஓடறதுக்கு காரணம் இந்த வழி இல்ல, இதைச் சொல்லித் தர்ற முறைதான். மொத்தத்தையும் 6ஆல வகுன்னு ஆரம்பிப்பாங்க, எக்ஸ்² + (7/6)எக்ஸ் = 20/6, பாதி 7/12, வர்க்கம் 49/144, ரெண்டு பக்கமும் கூட்டு, வலது பக்கம் 480/144 + 49/144. பின்னத்துல பயம் இருக்கற பிள்ளைக்கு ரெண்டாவது வரிலயே மனசு விட்டுப் போயிடும்.

அதுக்குப் பதிலா ஸ்ரீதரர் வழியைப் பாருங்க. ஆயிரம் வருஷத்துக்கும் முன்னாடி வாழ்ந்த இந்தியக் கணித அறிஞர், அவரோட பீஜகணித நூல் நமக்குக் கிடைக்கல, ஆனா 12ஆம் நூற்றாண்டுல ரெண்டாம் பாஸ்கரர் அவர் சொன்ன விதியை எடுத்து எழுதி வச்சதால தப்பிச்சுது. விதி இதுதான், வகுக்காதே, முதல் கெழுவோட நாலு மடங்கால ரெண்டு பக்கமும் பெருக்கு, அப்புறம் நடுக் கெழுவோட வர்க்கத்தைக் கூட்டு. நம்ம கணக்குல 24ஆல பெருக்கினா 144எக்ஸ்² + 168எக்ஸ் = 480, 49 கூட்டினா இடது பக்கம் (12எக்ஸ் + 7)², வலது பக்கம் 529. 12எக்ஸ் + 7 = ±23, முடிஞ்சுது. கடைசி வரி வரைக்கும் ஒரு பின்னம்கூட வரல பாருங்க! இதையே நம்பருக்குப் பதிலா ஏ, பி, சி வச்சு எழுதினா (2ஏஎக்ஸ் + பி)² = பி² − 4ஏசி, அதுல இருந்து எக்ஸைப் பிரிச்சா அதான் சூத்திரம். தனியா மனப்பாடம் பண்ண என்ன இருக்கு.

படமாவும் காட்டலாம். 9ஆம் நூற்றாண்டுல பாக்தாத்ல அல்-குவாரிஸ்மி எக்ஸ்² + 10எக்ஸ் = 39ங்கற கணக்கை அப்படித்தான் விளக்கினார், பக்கம் எக்ஸ் உள்ள சதுரம் ஒண்ணு வரைஞ்சு 10ஐ ரெண்டாப் பிரிச்சு வலது பக்கம் 5 அகலத்துல ஒரு பட்டை, கீழ 5 அகலத்துல ஒரு பட்டை ஒட்டினா மூலைல 5க்கு 5 ஒரு ஓட்டை விழும், அந்த 25ஐ வச்சு அடைச்சா மொத்தம் 64, பக்கம் 8, எக்ஸ் 3. −13ம் பதில்தான், அந்தக் காலத்துல அவங்க குறை எண்ணைப் பதிலா எடுத்துக்கல. கட்டம் போட்ட நோட்டுல இதை ஒரு தடவை வரைஞ்ச பிள்ளைக்கு வர்க்கப் பூர்த்திங்கற பேருக்கு விளக்கமே தேவைப்படாது.

நாலாவதா ஒண்ணு, 2019 கடைசில கார்னெகி மெலன் பேராசிரியர் போ-ஷென் லோ பரப்பின சராசரி வழி. எக்ஸ்² − 84எக்ஸ் + 1763ல ரெண்டு மூலத்தோட கூட்டல் 84, பெருக்கல் 1763, அப்ப சராசரி 42, மூலங்கள் 42 + யு, 42 − யு. பெருக்கினா 1764 − யு² = 1763, யு² = 1, மூலங்கள் 43, 41. தேடலே இல்ல. எக்ஸ்² − 6எக்ஸ் + 4க்கும் அப்படியே, சராசரி 3, 9 − யு² = 4, பதில் 3 ± √5. கூட்டலோட பாதியை எடுத்துக்கற யோசனை 3,500 வருஷத்துக்கும் பழைய பாபிலோனியக் களிமண் பலகைகள்லயே இருக்கு. முதல் கெழு 1ஆ இருந்தா எனக்கு இதுதான் ரொம்பப் பிடிக்கும், இல்லேன்னா வகுத்தாகணும், பின்னம் திரும்ப வந்துடும், அங்க ஸ்ரீதரர் வழிதான் மேல்.

ஸ்கூல் பரீட்சைல வர்க்கப் பூர்த்தி முறைல தீர்க்கன்னு கேட்டிருந்தா அந்த முறைலதான் போடணும், வேற வழில சரியான பதில் வந்தாலும் மார்க் போகும். ஸ்ரீதரர் வழிய எழுதறதுக்கு முன்னாடி டீச்சர் கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கறது நல்லது.

படி மூணு ஆச்சுன்னா, உதாரணமா எக்ஸ்³ − 3எக்ஸ்² − 10எக்ஸ் + 24, இது எதுவும் நேரா ஓடாது. 24ஓட வகுத்திகளை ஒவ்வொண்ணா போட்டுப் பாக்கணும், 2 போட்டா 8 − 12 − 20 + 24 = 0, காரணித் தேற்றப்படி எக்ஸ் − 2 ஒரு காரணி, தொகுமுறை வகுத்தல் (கெழுக்களை மட்டும் வச்சு வகுக்கற சுருக்கு வழி) போட்டா ஈவோட கெழுவா 1, −1, −12 வரும். அந்த எக்ஸ்² − எக்ஸ் − 12க்கு மட்டும் யோசிக்காம நடு உறுப்பைப் பிரிங்க, −4, 3 கண்ணுக்கே தெரியுது.