சட்டைக் கை பட்டு நகர்ந்த பந்து: பூலில் எந்த ஃபவுல் விதி நியாயம்?

எட்டுப் பந்து ஆட்டம் (தன் பங்குப் பந்துகளை முடித்துவிட்டு எட்டாம் பந்தைக் குழியில் போடுபவருக்கு வெற்றி), கடைசி ரேக், அதாவது கடைசிச் சுற்று. எதிரில் ஆடிய தம்பி நடுமேசையில் கிடந்த பந்துகளுக்கு மேலே கையை எக்கி ஊன்றி அடித்தார். குறி வைத்த பந்து சுத்தமாகக் குழியில் விழுந்தது. நான் கோலால் அடிக்கும் வெள்ளைப் பந்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவரே நிமிர்ந்து, "அண்ணா, சட்டை பட்டு ஆறு நகர்ந்துடுச்சு" என்றார். ஆறாம் பந்து ஒரு விரல் அகலம் உருண்டிருந்தது.

உடனே பக்கத்து மேசையிலிருந்து ஒருவர், "ஃபவுல், பால் இன் ஹேண்ட்" என்றார்; அதாவது விதிமீறல், வெள்ளைப் பந்தை எதிராளி கையில் எடுத்து விரும்பிய இடத்தில் வைத்து ஆடலாம். இன்னொருவர், "அதெல்லாம் இல்ல, எடுத்து வெச்சுட்டு ஆடுங்க" என்றார். இரண்டு பேர் சொன்னதும் சரிதான். உலக பூல் சங்கத்தின் விதிப்புத்தகத்திலேயே இரண்டுக்கும் இடம் இருக்கிறது.

அடிப்படை விதி கறாரானது. கை, சட்டை, தலைமுடி, சாக்கட்டி (கோல் முனையில் தேய்ப்பது), கியூ (அடிக்கும் கோல்) என்று ஆடுபவரைச் சேர்ந்த எது எந்தப் பந்தில் பட்டாலும் ஃபவுல். தெரியாமல் பட்டால் சாதாரண ஃபவுல். வேண்டுமென்றே தொட்டால் நடத்தைக் குற்றம், அதற்குத் தண்டனையும் பெரிது. எந்தப் பந்தைத் தொட்டாலும் ஃபவுல் என்கிற இந்த விதியை 'ஆல் பால் ஃபவுல்' என்கிறோம். நடுவர் இல்லாத ஆட்டத்துக்கு மட்டும் இன்னொரு வழி உண்டு: 'கியூ பால் ஃபவுல்'. இதில் வெள்ளைப் பந்தைத் தொட்டால்தான் ஃபவுல். வேறு பந்து நகர்ந்தால், அதை அப்படியே விடலாமா, பழைய இடத்தில் வைக்கலாமா என்று எதிராளி முடிவு செய்வார். அவரைக் கேட்காமல் அடுத்த அடி அடித்தால் அது ஃபவுல்.

எங்கள் பக்கத்துப் பார்லர்களில் முதல் விதியைத்தான் பலர் பிடித்துக்கொள்கிறார்கள். காரணம் ஸ்னூக்கர். அங்கே எந்தப் பந்தைத் தொட்டாலும் ஃபவுல், குறைந்தது 4 புள்ளி எதிராளிக்குப் போகும். நடுவர் கவனிக்காவிட்டாலும் ஆடுபவரே எழுந்து சொல்லிவிடுவதுதான் அந்த ஆட்டத்தின் மரபு. ஸ்னூக்கர் விதிகள் 1882-இல் எழுதி மாட்டப்பட்டது நம் ஊட்டி கிளப்பின் பில்லியர்ட்ஸ் அறையில்தான் என்பதில் எனக்கு எப்போதும் ஒரு பெருமை உண்டு. அந்த மரபின் மேல் அவ்வளவு மரியாதை இருந்தும், நடுவர் இல்லாத பூல் மேசைக்கு நான் இரண்டாவது விதியைத்தான் கேட்பேன்.

ஏனென்றால், சட்டை உரசியது பெரும்பாலும் உரசியவருக்கு மட்டுமே தெரியும். ஆல் பால் விதியில் அவர் உண்மையைச் சொன்னால் வெள்ளைப் பந்து எதிராளி கைக்குப் போகும். மேசையில் எங்கே வேண்டுமானாலும் வைத்து ஆடலாம். ஓரளவு ஆடத் தெரிந்தவரிடம் அதைக் கொடுத்தால் ரேக்கே போச்சு. வாயைத் திறக்காதவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை. நேர்மையாக இருப்பவர் தலையில் மட்டும் விழுகிற விதி, நடுவர் இல்லாத இடத்தில் நியாயமாக நடக்காது. கியூ பால் விதியில் உண்மையைச் சொல்வதால் வரும் இழப்பு சின்னது. அதனால் சொல்கிறார்கள்.

இழப்பே இல்லை என்றும் சொல்ல முடியாது. அன்றைக்கு நகர்ந்த ஆறு, தம்பி அடுத்து அடிக்க வேண்டிய பந்துக்கும் மூலைக் குழிக்கும் நடுவில் போய் நின்றிருந்தது. "இருக்கட்டும் தம்பி, அப்படியே ஆடுங்க" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே வேறு பந்தைத் தேடினார். தண்டனை அந்த அளவு போதும்.

இதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. நகர்ந்த பந்து இன்னொரு பந்தில் இடித்தாலோ, அது முன்பு இருந்த இடத்தின் வழியாக வெள்ளையோ வேறு பந்தோ கடந்து போனாலோ, அடியின் முடிவு மாறிவிட்டது என்று கணக்கு, அப்போது ஃபவுல்தான். 'அது அந்த இடத்தைக் கடந்துச்சா இல்லையா' என்பதில் சண்டை வரும். ஆனாலும் அது இரண்டு பேரும் மேசையில் பார்க்கக்கூடிய விஷயம், விரலால் கோடு இழுத்துக் காட்டிப் பேசலாம். 'என் சட்டை படவே இல்லை' என்பதை அப்படிக் காட்ட வழியில்லை.

பட்ட பந்தைவிடப் பெரிய தகராறு வருவது மிக நெருங்கி நிற்கும் பந்துகளில். வெள்ளைக்கும் குறிப்பந்துக்கும் நடுவே சாக்கட்டி நுழையாத இடைவெளி. நேராக அடித்தால் கியூ முனை வெள்ளையில் இரண்டு முறை படும், அது ஃபவுல். கண்ணால் பார்த்துப் பிடிக்கவே முடியாது; அந்த இரண்டாவது தொடுதல் அவ்வளவு வேகம். பிடிப்பதற்கு ஒரே வழி பந்துகளின் ஓட்டத்தைப் பார்ப்பது. இரண்டும் ஏறக்குறைய ஒரே எடை. அதனால் நேருக்கு நேர் இடித்ததும் வெள்ளை தன் வேகத்தைக் கொடுத்துவிட்டு ஒரு கணமாவது தயங்க வேண்டும். மேல்சுழற்சி இருந்தால் தயங்கிய பிறகு முன்னே உருளும். தயக்கமே இல்லாமல் குறிப்பந்தின் முதுகிலேயே ஓடினால் கியூ மறுபடி தள்ளியிருக்கிறது என்று அர்த்தம். இதைத் தெரிந்துகொண்ட பிறகு நான் கியூவைப் பார்ப்பதையே விட்டுவிட்டேன்.

வெள்ளை முதலில் எந்தப் பந்தில் பட்டது, ஆடுபவருடையதிலா எதிராளியுடையதிலா என்ற கேள்விக்கு விதி தெளிவாகவே பதில் சொல்கிறது: ஒரே நேரத்தில் பட்டதுபோல் இருந்து பிரித்துச் சொல்ல முடியாவிட்டால், அடித்தவர் பக்கம்தான் தீர்ப்பு. சில பார்லர்களில் நாணயம் சுண்டுகிறார்கள். சிலர் ரேக்கைக் கலைத்து மறுபடி ஆடுகிறார்கள். எனக்கு அது சுத்தமாகப் பிடிக்காது, முன்னால் இருந்தவரின் உழைப்பு மொத்தமும் வீணாகிவிடும். கைப்பேசியில் மெதுவோட்டமாகப் படம் பிடிப்பது நல்ல உதவிதான், ஆனால் அடிப்பதற்கு முன்பே ஆள் தயாராக நிற்க வேண்டும்.

அதற்குப் பதில் மூன்றாவது ஆளைக் கூப்பிடுங்கள். சந்தேகமான அடி வரப்போகிறது என்று தெரிந்தால், எதிராளி கியூவை இழுப்பதற்குள் "ஒரு நிமிஷம்" என்று சொல்லி, பக்கத்து மேசைக்காரரை நிற்கவைத்து, அவர் சொல்வதை இருவரும் ஏற்றுக்கொள்வதென்று பேசிக்கொள்ளலாம். அடித்து முடித்த பிறகு கத்துவதில் பயனில்லை. அடுத்த அடி தொடங்குவதற்குள் சொல்லாத ஃபவுல், விதிப்படி நடக்காத ஃபவுல்.

பிரேக்குக்கு (ஆட்டத்தின் முதல் அடிக்கு) முன்பு நான் கேட்பது இரண்டே கேள்விகள். கியூ பாலா, ஆல் பாலா? எட்டை அடிக்கும்போது வெள்ளை மட்டும் குழியில் விழுந்தால் தோல்வியா? இரண்டாவதைக் கேட்கக் காரணம், உலக விதியில் எட்டும் சேர்ந்து விழுந்தால்தான் தோல்வி, வெள்ளை மட்டும் விழுந்தால் வெறும் பால் இன் ஹேண்ட். பார்லர் வழக்கத்திலோ பல இடங்களில் அங்கேயே ஆட்டம் முடிந்துவிடும். அந்தத் தம்பியிடம் அன்று இதைக் கேட்க மறந்திருந்தேன். இரண்டு அடி கழித்து அவருடைய வெள்ளை, எட்டை உரசிவிட்டு நடுக்குழிக்குள் போனது. இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். பந்தை எடுத்து என் கையில் கொடுத்தார், நான் ஆடினேன்.