செக்காலை ரோட்டுச் சந்துப் பட்டறையில் ஃபோம் இல்லாத குஷன்

எங்கள் பள்ளத்தூர் வீட்டு முகப்பில் கிடக்கும் தேக்கு சோபாவுக்கு ரெக்ஸின் தையல் விட்டு இரண்டு வருஷம் ஆகிவிட்டது. பேரன் ஏறிக் குதிக்கிறபோதெல்லாம் ஓரத்திலிருந்து மஞ்சளாக மாவு உதிரும். ஆத்தங்குடிக் கல் தரையில் கடலை மாவு சிந்தினமாதிரி கிடக்கும். அவனுக்கு மூச்சு இளைப்பு உண்டு. பொங்கல் லீவுக்கு வந்தவன் அந்த மாவில் விரலால் கோடு இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்த அன்றே, இனி இந்த வீட்டுக்குள் ஃபோம் வேண்டாம் என்று முடிவு செய்தேன்.

ஐயா பர்மாத் தேக்கில் செய்வித்த சோபா அது. அவர் காலத்தில் அதற்குக் குஷன் கிடையாது, பிரம்புப் பின்னல்தான். 1990-களில் பின்னல் அறுந்தபோது நாங்கள்தான் ஃபோம் வைத்து மூடினோம். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் வேறொரு கடையில் கொடுத்து அதையும் மாற்றினோம். அப்போது ஒரு மாதம் முகப்புக் கதவைத் திறந்தாலே பசை நெடி அடித்தது. எனக்குத் தலைவலி வரும். புதுசு, அப்படித்தான் இருக்கும் என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் பேசாமல் இருந்துவிட்டேன். அந்த ஃபோம்தான் இப்போது மாவாகிவிட்டது.

மகள் கலிபோர்னியாவில் இருக்கிறாள். போனில் சொன்னபோது அவள் அங்கத்திய சங்கதியைச் சொன்னாள். தீப்பிடிக்காமல் இருக்க ஃபோமில் மருந்து சேர்க்கும் பழக்கம் 1975-இல் அந்த மாநிலம் போட்ட விதியால் பரவியதாம். அந்த மருந்துகள் ஃபோமை விட்டுக் கழன்று வீட்டுத் தூசியில் சேரும், தவழும் குழந்தைகள் கை வழியாக வாய்க்குப் போகும். அவற்றில் ஒரு வகையை 2009-இல், எளிதில் அழியாத நச்சு ரசாயனங்களைத் தடுக்கும் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் தடைப் பட்டியலில் சேர்த்தார்கள். கலிபோர்னியாவும் 2013-இல் விதியை மாற்றியது. 2020 முதல் சோபா மெத்தைகளில் அந்த மருந்துகளுக்கே தடை. நம் ஊரில் ஃபோம் வாங்கும்போது இதையெல்லாம் சொல்லும் சீட்டு எதையும் நான் பார்த்ததில்லை. டென்சிட்டி, அதாவது அடர்த்தி, எத்தனை என்பார்கள், 32 என்பார்கள், 40 என்பார்கள், அதோடு சரி.

காரைக்குடியில் நான்கு கடை ஏறினேன். மூன்றில் ஃபோம் தவிர வேறு பேச்சே இல்லை. நான்காவது, செக்காலை ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் சந்தில் போர்டு இல்லாத பட்டறை. பட்டறைக்காரர் பாய்க்கு அறுபது வயதிருக்கும். அவருடைய அத்தா வில்லால் பஞ்சடித்து மெத்தை தைத்தவர். சோபாவோடு அதே செட்டு நாற்காலி நான்குக்கும் குஷன் வேண்டும் என்று நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டுவிட்டு, "ஆச்சி, முதல்ல ஒண்ணு சொல்றேன். அந்த நாலு நாற்காலிக்குக் குஷனே வேணாம். பிரம்பு பின்னிடுங்க. சோபாவுக்கு மட்டும் நான் செஞ்சு தர்றேன்" என்றார். தன் வருமானத்தைத் தானே குறைத்துக்கொள்கிற ஆளை நம்பலாம் என்று தோன்றியது.

சோபாவுக்கு அவர் வைத்த அடுக்கைச் சொல்கிறேன். அடியில் சணல் பட்டை பின்னி, மேலே இரண்டு அங்குலம் ரப்பர் கலந்த தேங்காய் நார்ப் பலகை. அதன்மேல் இரண்டு அங்குலம் இயற்கை லேடெக்ஸ், அதாவது ரப்பர் பாலில் செய்த மெத்து. அதைச் சுற்றிப் பருத்திப் பஞ்சு விரிப்பு, காடாத் துணி உறை, அதற்குமேல் கரூர் தடிப் பருத்தி. நார் மட்டும் வைத்தால் மரப்பலகை மாதிரி இருக்கும், லேடெக்ஸ் மட்டும் வைத்தால் விலை தாங்காது. லேடெக்ஸ் என்று விற்பதிலும் பாதி செயற்கை ரப்பர் கலந்தது உண்டு. முழுக்க ரப்பர் மரத்துப் பால்தான் என்று பில்லில் எழுதித் தரச் சொன்னேன், எழுதித் தந்தார்.

பசை விஷயத்தில்தான் எங்களுக்குள் வாக்குவாதம். நாரும் லேடெக்ஸும் நகராமல் இருக்கப் பசை தடவுவதுதான் வழக்கம், அது இல்லாமல் கேரண்டி கிடையாது என்றார். நான் விடவில்லை. கடைசியில் கோணி ஊசியில் பருத்தி நூல் கோர்த்து, இரண்டு அடுக்கையும் பன்னிரண்டு இடத்தில் இழுத்துக் கட்டிவிட்டார். ஐந்து மாதமாகிறது, ஓர் அங்குலம்கூட நகரவில்லை. வெளித்துணியை இரண்டு தடவை அலசிக் காயவைத்துத்தான் வெட்டக் கொடுத்தேன். சுருங்காத துணி என்று விற்பவற்றில் ஃபார்மால்டிஹைட் பிசின் ஏற்றியிருப்பார்கள், அலசினால் குறையும். வீட்டுக்கு வந்தபின் உறையும் சுருங்காது.

திண்டுகளுக்கு போடி இலவம்பஞ்சு. அதைத் திணிக்கிறபோது இளைப்பு உள்ள பிள்ளைகளை வீட்டில் வைத்திருக்காதீர்கள், பறக்கிற பஞ்சே இளைப்பைக் கிளப்பும். நெருக்கமான நெசவில் உள்ளுறை போட்டு, மூன்று மாதத்துக்கு ஒரு தரம் வெயிலில் போட வேண்டும். லேடெக்ஸுக்கு நேர்மாறு: வெயில் பட்டால் கெட்டுப்போகும். அதனால் வெயில் விழுகிற வளவு முற்றத்து ஓரம் போடலாம் என்று இருந்தவள் சோபாவை முகப்பிலேயே விட்டுவிட்டேன்.

குறை உண்டு. எட்டு நாள் என்றவர் இருபத்து மூன்று நாள் எடுத்தார். கோட்டயத்திலிருந்து லேடெக்ஸ் வர வேண்டும் என்பதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். ஒரு குஷனில் நார் முனை துணியைத் துளைத்துக் குத்தியது. கொண்டுபோனதும் பிரித்து, காடா இன்னொரு சுற்று வைத்துத் தந்தார், காசு வாங்கவில்லை. முதல் பத்து நாள் லேடெக்ஸில் பால் புளித்தமாதிரி ரப்பர் வாசனை இருந்தது, பிறகு போய்விட்டது. ரப்பர் ஒவ்வாமை உள்ளவர்கள் வீட்டில் இது சரிப்படாது, அவர்கள் பஞ்சோடு நிறுத்திக்கொள்ளலாம்.

மூன்று பேர் சோபாவுக்கும் ஆறு திண்டுக்கும் கூலியோடு 19,400 ரூபாய். அதே வேலைக்கு ஃபோமில் மற்ற கடைகள் கேட்டது பத்தாயிரத்துக்குள். இரண்டு மடங்கு என்பது சின்னக் காசில்லை. முழுக்க முடியாதவர்கள் நாரும் பஞ்சும் மட்டும் வைத்து, பசை இல்லாமல் தைக்கச் சொல்லுங்கள், பாதிச் செலவு குறையும்.

பழைய ஃபோமைப் பட்டறைப் பையன் பின்கட்டில் கொளுத்தப் போனான். ஓடிப்போய்த் தடுத்தேன். அது எரிந்தால் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜன் சயனைடும் கிளம்பும். மூட்டையாகக் கட்டிக் குப்பை வண்டியில் போட்டு, தரையை ஈரத் துணியால்தான் துடைத்தோம். விளக்குமாறு போட்டால் மாவு முழுக்க மூச்சில் ஏறும்.

பேரனுக்கு இன்ஹேலர் தொடர்கிறது. குஷன் மாற்றினால் இளைப்பு போய்விடும் என்று யாரும் நம்பிவிட வேண்டாம். ஆனால் வைகாசியில் வந்தபோது மத்தியானம் முழுக்க அவன் அந்தச் சோபாவில் குப்புறப் படுத்துத் தூங்கினான், நான் எழுப்பவில்லை.

நான்கு நாற்காலியில் இரண்டுக்குப் பிரம்பு பின்னி வந்துவிட்டது. மீதி இரண்டும் பட்டறையில் இருக்கின்றன. ஆவணிக்குள் தருவதாகப் பாய் சொல்லியிருக்கிறார், நான் புரட்டாசி என்று வைத்துக்கொண்டிருக்கிறேன்.