ஏர் கூல்டு போர்ஷேயில் பங்கு என்று யாராவது வந்தால் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள்

மூன்று லட்சத்து எண்பதாயிரம் ரூபாய். கடலூர் மஞ்சக்குப்பத்தில் சின்னதாக ஒரு கார் ஷெட் நடத்துகிற எனக்கு இது பெரிய பணம். காரைத் தூக்கி நிறுத்த டூ போஸ்ட் லிப்ட் ஒன்று போட வேண்டும், பின்பக்கம் கூரைக்கு ஷீட் மாற்ற வேண்டும் என்று சீட்டு எடுத்து வைத்திருந்தது. நேற்று மதியம் அவர்களுடைய வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து என்னைத் தூக்கிவிட்டார்கள். போன் போட்டால் போகவில்லை. இன்னும் எத்தனை பேர் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்துக்கொண்டிருக்கிறார்களோ, அவர்கள் கண்ணில் பட வேண்டும் என்றுதான் தூக்கம் வராமல் உட்கார்ந்து எழுதுகிறேன்.

புகார் கொடுத்திருப்பதால் பெயரை இங்கே போடவில்லை. பழைய வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார்களில் ஆளுக்குக் கொஞ்சம் பங்கு வாங்கலாம், விலை ஏறினதும் விற்று லாபத்தைப் பிரித்துக்கொள்ளலாம் என்று சொல்கிற ஒரு ஆப். புதுச்சேரியில் ஆபீஸும் வைத்திருந்தார்கள். இந்த மாதிரி எது வந்தாலும் ஒதுங்கிப் போங்கள்.

எனக்கு வயிறு எரிவது எதில் என்றால், காரைப் பற்றி அவர்கள் சொன்னது அத்தனையும் உண்மை. போர்ஷே 911 முதன்முதலில் 1963-ல் பிராங்பர்ட் கண்காட்சியில் வந்தது. அப்போதிலிருந்து 1998 வரை ஏர் கூல்டு, அதாவது காற்றால் குளிர்கிற என்ஜின்தான். ரேடியேட்டர் கிடையாது, தண்ணீர் ஊற்றுகிற வேலையே கிடையாது. பின்பக்கம் படுக்கை வசத்தில் ஆறு சிலிண்டர், ஒரு பெரிய ஃபேன், சூட்டை இழுக்க ஏராளமான ஆயில். புகைக்கும் சத்தத்துக்கும் சட்டங்கள் இறுக இறுக, சிலிண்டருக்கு நாலு வால்வு வைத்தால்தான் முடியும் என்று ஆனது. அந்தச் சூட்டைக் காற்றால் மட்டும் சமாளிப்பது கஷ்டம், அதனால் தண்ணீருக்கு மாறிவிட்டார்கள். கடைசி ஏர் கூல்டு மாடல் 993. இனி ஒன்றுகூடப் புதிதாக வராது, இருப்பதுதான் இருப்பு. ஒரு காலத்தில் சாதாரண செகண்ட் ஹேண்ட் வண்டி விலைக்குக் கிடந்த 993, அதற்கு முந்தைய மாடல் 964 எல்லாம் 2010-க்குப் பிறகு மளமளவென்று ஏறியது இதனால்தான்.

ஹாலிவுட் நடிகர் ஸ்டீவ் மெக்வீன் வைத்திருந்த 1970 மாடல் 911 எஸ், 2011-ல் அமெரிக்காவில் மான்டரே ஏலத்தில் 13,75,000 டாலருக்குப் போனது. 2018-ல் போர்ஷே கம்பெனியே மீந்திருந்த ஒரு பாடியையும் அசல் பாகங்களையும் வைத்து ஒரே ஒரு 993 டர்போவைப் புதிதாகக் கட்டி ஏலம் விட்டது. 30 லட்சம் டாலருக்கு மேல் போனது. இந்தச் செய்திகளைத்தான் அவர்கள் பிரிண்ட் போட்டு ஆபீஸ் சுவரில் மாட்டியிருந்தார்கள். அந்த ஏலத்தில் போனதெல்லாம் தனிக் கதை உள்ள ஒற்றை வண்டிகள். அந்த விலையைக் காட்டி ஊர் பேர் தெரியாத ஒரு 993-க்குக் கணக்குப் போட்டார்கள்.

என் ஷெட்டுக்கு வருவது ஆல்டோவும் பொலிரோவும்தான். ஆனால் முத்தியால்பேட்டையில் இருக்கிற நண்பர் ஒருவருடைய பழைய ஃபோக்ஸ்வாகன் பீட்டிலுக்குப் பல வருடமாக டாப்பெட் (வால்வு இடைவெளி) செட் பண்ணுவது நான். அதுவும் ஏர் கூல்டுதான். அந்தப் பழக்கத்தில் எனக்கு ஏர் கூல்டு வண்டி என்றால் தனிப் பிரியம். அதைத் தெரிந்துகொண்டுதான் வந்தார்கள்.

ஆபீஸ் ஒயிட் டவுன் பக்கம். பழைய பிரெஞ்சுக் கட்டடம், உயரமான மர ஜன்னல்கள், உள்ளே ஏசி. மேனேஜர் என்று ஒரு பையன். "அண்ணா, நீங்க மெக்கானிக். உங்ககிட்ட நான் பேசி ஜெயிக்க முடியுமா? நீங்களே வண்டியப் பாருங்க" என்று சொல்லி டிவியைப் போட்டான். ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் குடோனிலிருந்து லைவ் என்றான். சாம்பல் நிற ஓவர்கோட் போட்ட ஒரு ஆள் 993-ன் பின் மூடியைத் திறந்தார். என்ஜின் ஓடிக்கொண்டிருக்கிறது, பெல்ட் சுற்றுகிறது, ஃபேன் சுற்றுகிறது. சத்தம் மட்டும் வரவில்லை. "அங்க நெட்வொர்க் மோசம்ணா" என்றான். பிறகு அந்த ஆள் என்ஜினை நிறுத்தாமலேயே ஆயில் குச்சியை உருவினார். துணியால் துடைத்தார், மறுபடி உள்ளே விட்டு எடுத்து கேமரா முன்னால் நீட்டினார்.

மாருதியில் ஆயில் பார்க்க என்ஜினை நிறுத்திக் கொஞ்ச நேரம் விட வேண்டும். இந்த 911-ல் நேர்மாறு. ட்ரை சம்ப், ஆயில் தனி டேங்கில் இருக்கும். சமதளத்தில் நிறுத்தி, நன்றாகச் சூடேறி, ஐடிலில் ஓடும்போதுதான் அளவு பார்க்க வேண்டும். வேலை தெரிந்தவன் மட்டும் செய்கிற காரியம் அது. அந்த நிமிடத்தில்தான் எனக்கு நம்பிக்கை வந்தது. மறுநாள் பேங்குக்குப் போய் 3,80,000 ரூபாயை ஆர்டிஜிஎஸ் பண்ணினேன். அவன் ஸ்வீட் பாக்ஸ் கொடுத்தனுப்பினான். என் மனைவி அதைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டுப் பிரித்தாள்.

சேஸிஸ் நம்பரை முன்கூட்டிக் காட்ட மாட்டார்களாம், ஓனர்களின் பாதுகாப்புக்காகவாம். பணம் போன பிறகுதான், அதுவும் கேட்டுக் கேட்டு, பங்குச் சான்றிதழ் என்று ஒரு பிடிஎஃப் வந்தது. 1995 மாடல், ஜெர்மனியிலேயே முதல் டெலிவரி என்று போட்டிருந்தது. கீழே 17 இலக்க நம்பர். மாருதி என்றால் எம்ஏ3 என்று தொடங்குவது போல் போர்ஷேவுக்கு டபிள்யூபி0. ஐரோப்பாவில் விற்ற வண்டி என்றால் அதற்குப் பிறகு மூன்று இசட் வரும். இதில் இருந்தது ஏஏ, அதாவது அமெரிக்காவுக்குப் போன வண்டி. பத்தாவது எழுத்து மாடல் வருடம். 1995-க்கு எஸ் இருக்க வேண்டும், இதில் வி. அது 1997.

உடனே போன் போட்டேன். "டைப்பிங் மிஸ்டேக்ணா, டாக்குமென்ட் டீம் மாத்திக் கொடுப்பாங்க." டாக்குமென்ட் டீமுக்கு மெயில் போட்டால் டிக்கெட் நம்பர் வருகிறது, பதில் வரவில்லை. மறுபடி கேட்டால் ஐரோப்பாவில் லீவு சீசன். அப்புறம் இன்சூரன்ஸ் புதுப்பிக்கிறார்கள். அப்புறம் புதிதாக ஒரு பெண் பேசினார், "சார், உங்க வண்டிய சென்னை போர்ட்டுக்கு ஷிப்மென்ட் போட்டிருக்கோம், கஸ்டம்ஸ்ல நிக்குது" என்று. எனக்கு வந்த ஆத்திரம்! பழைய காரை இந்தியாவுக்குக் கொண்டுவர வேண்டுமென்றால் தயாரித்து மூன்று வருடத்துக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது, ஸ்டீரிங்கும் வலப்பக்கம் இருக்க வேண்டும். 50 வருடம் தாண்டிய விண்டேஜ் வண்டிக்கு விதி வேறு. 1995 மாடல், இடப்பக்க ஸ்டீரிங், எந்தக் கணக்கில் கப்பல் ஏறியது? கேட்டேன். "மேலிடத்துல பேசிட்டுச் சொல்றோம் சார்" என்று வைத்துவிட்டார்.

பங்கை விற்றுக் கொடுங்கள் என்று கேட்டதற்கு, எக்ஸிட் சார்ஜ் 42,000 கட்டினால் ஏழு வேலை நாளில் பணம் வரும் என்றார்கள். 3,80,000-ஐ வாங்கிக்கொண்டு அதைத் திருப்பித் தர இன்னும் 42,000! கட்டவில்லை.

பாரீஸில் இருக்கும் என் மாமா பையனிடம் அந்தக் காரின் போட்டோக்களை அனுப்பினேன். ஒரே சாயங்காலத்தில் கண்டுபிடித்துவிட்டான். போட்டோ எல்லாம் பெல்ஜியத்தில் எப்போதோ விற்றுப்போன ஒரு வண்டியின் பழைய விளம்பரத்திலிருந்து எடுத்தவை. அந்த "லைவ்" வீடியோவும் யாரோ ஒரு வெளிநாட்டு மெக்கானிக் ஆயில் பார்ப்பது எப்படி என்று சொல்லிக்கொடுக்க வருடக்கணக்கில் முன்பு நெட்டில் போட்டது. அவர் இங்கிலீஷில் விளக்கிக்கொண்டே செய்கிறார். சத்தத்தை ஏன் அமுக்கினார்கள் என்று அப்போதுதான் புரிந்தது. தன் வேலையை நாலு பேருக்குச் சொல்லிக்கொடுத்த ஒரு தொழிலாளியின் கையைக் காட்டி இன்னொரு தொழிலாளியிடம் 3,80,000 பிடுங்கியிருக்கிறார்கள்.

புதுச்சேரிக்கு ஓடினேன். போர்டு இல்லை. பூட்டு. வாடகை பாக்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று கட்டடக்காரரும் திட்டிக்கொண்டிருந்தார். குரூப்பில் நடந்ததை எழுதினேன். மேனேஜர் பையன், "மிஸ்டர், அவதூறு பரப்பினா லீகலா போவோம்" என்று போட்டான். அடுத்த நிமிடம் நான் குரூப்பில் இல்லை.

என்ன செய்ய வேண்டும் என்று விவரமாக எழுதத்தான் நினைத்தேன், கை நடுங்குகிறது. பணம் கட்டும் முன் முழு சேஸிஸ் நம்பரை வாங்குங்கள், தரவில்லை என்றால் எழுந்து வந்துவிடுங்கள். பல பேரிடம் பணம் திரட்டி லாபம் தருகிறேன் என்பவனிடம் முதலீடுகளைக் கண்காணிக்கிற அரசு அமைப்பான செபியின் பதிவைக் கேளுங்கள். டிவியில் காட்டுகிற வீடியோவை நம்பாதீர்கள், உங்கள் போனிலிருந்து நீங்களே கால் போட்டு, நீங்கள் சொல்கிற இடத்தைக் காட்டச் சொல்லுங்கள். பணத்தை விடுவிக்கப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். ஏமாந்தது தெரிந்த அடுத்த நிமிடமே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்கு அடியுங்கள், தாமதமாக ஆக பணத்தை முடக்குவது கஷ்டம். என் புகார் பதிவாகியிருக்கிறது, என் 3,80,000 எந்தெந்தக் கணக்குக்குப் போனது என்று பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே நெய்வேலி நண்பர் ஒருவர் ஒரு விளம்பரம் அனுப்பியிருக்கிறார். ஆப் பெயர் வேறு, மஞ்சள் நிற 964, பங்கு ஒன்று 95,000. கீழே இருக்கிற போன் நம்பர் அந்த மேனேஜர் பையனுடையது. நெய்வேலி, பண்ருட்டி, விழுப்புரம் பக்கம் இருப்பவர்கள் இந்த விளம்பரம் வந்தால் யாரும் பணம் கட்டாதீர்கள். ஏற்கெனவே கட்டியவர்கள் எனக்கு எழுதுங்கள், சேர்ந்து போய்ப் புகார் கொடுப்போம்.