ஹனுக்கா ஆஃப் டேட்டா: எட்டு நாள் தரவுப் புதிர்கள், பல சுற்றுப் பயன்பாட்டுக்குப் பிறகு

ஹனுக்கா யூதர்களின் எட்டு நாள் விளக்குப் பண்டிகை. எபிரேய (யூத) நாட்காட்டியின் கிஸ்லேவ் மாதம் 25-ஆம் நாள் தொடங்குவதால் ஆங்கிலத் தேதி ஆண்டுதோறும் நகரும்: 2022-இல் டிசம்பர் 18 மாலை, 2023-இல் டிசம்பர் 7 மாலை. இரவுக்கு ஒரு விளக்கு கூடுவதுபோல, நாளுக்கு ஒரு தரவுப் புதிர் திறக்கும் தொடர்தான் ஹனுக்கா ஆஃப் டேட்டா. 2022-இல் தொடங்கியது. மன்ஹாட்டனில் நோவாஸ் மார்க்கெட் என்றொரு கற்பனைக் கடை. 2017-இல் சுத்தம் செய்யக் கொடுத்த ஒரு கம்பளம் கை மாறிக் கை மாறிப் போய்விட்டது. அது யாரிடமிருந்து யாரிடம் போனது என்று கடையின் விற்பனைப் பதிவை வைத்தே தேட வேண்டும். ஒவ்வொரு நாளின் விடையும் ஒரு தொலைபேசி எண். என்ன மொழியில், எந்தக் கருவியில் கண்டுபிடித்தோம் என்று யாரும் கேட்பதில்லை. எண் சரியா தவறா என்பது உடனே தெரிந்துவிடும். இந்தத் தொடரின் பெரிய பலம் இதுதான்.

முதல் தடை, தரவு அடங்கிய ஜிப் கோப்பின் கடவுச்சொல். அது எபிரேய ஆண்டுக் கணக்கு. எபிரேயப் புத்தாண்டு செப்டம்பர் அல்லது அக்டோபரில் பிறப்பதால், அதற்கு முந்தைய மாதங்களுக்கு ஆங்கில ஆண்டுடன் 3760, பிந்தைய மாதங்களுக்கு 3761 கூட்ட வேண்டும். ஒரே ஆங்கில ஆண்டுக்கு இரண்டு விடை வரும். ஒன்று திறக்கவில்லை என்றால் மற்றதைப் போடுங்கள்.

உள்ளே நான்கு அட்டவணைகள்: வாடிக்கையாளர், ஆர்டர், ஆர்டரில் உள்ள பொருட்கள், பொருள் பட்டியல். ஆர்டர்கள் இரண்டு லட்சத்துக்கு மேல், பொருள் வரிகள் நான்கு லட்சத்துக்கு மேல். எட்டு நாளும் இதே தரவுதான். அதனால் முதல் நாளே அரை மணி நேரம் செலவழித்து நெடுவரிசைகளைப் பார்த்துவிடுவது நல்லது. குறிப்பாக ஆர்டர் செய்த நேரமும் அனுப்பிய நேரமும் தனித்தனியாக இருக்கும். இரண்டும் ஒன்றாக இருந்தால் ஆள் கடைக்கே வந்து வாங்கியிருக்கிறார் என்று பொருள். பின்வரும் நாட்களில் இந்த ஒரு வேறுபாடு பல பேரைக் கழித்துவிடும்.

முதல் புதிர், குடும்பப் பெயரை போன் பொத்தான்களில் தட்டினால் வரும் எண். ஏபிசிக்கு 2, பிக்யூஆர்எஸ்ஸுக்கு 7, டபிள்யூஎக்ஸ்ஒய்இசட்டுக்கு 9. எண்ணில் 0 அல்லது 1 இருப்பவர்களை முதலிலேயே நீக்கலாம், அந்தப் பொத்தான்களில் எழுத்தே கிடையாது. கோடுகளை எடுத்துவிட்டுப் பத்து இலக்கமாக ஒப்பிடுங்கள். பெயரின் கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயர் என்று எடுத்தால் "ஜூனியர்", "மூன்றாம்" போன்ற ஒட்டுகள் வந்து மாட்டும்.

இரண்டாம் நாள்தான் புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம். காபியும் பேகலும் (வளைய ரொட்டி) சேர்த்து வாங்கியவர் யார் என்று தேடும்போது, இரண்டு நிபந்தனைகளையும் "அண்ட்" போட்டு ஒரே வரியில் எழுதினால் பூஜ்யம்தான் வரும். ஒரு வரியில் ஒரு பொருள்தானே இருக்கிறது! ஆர்டர் எண்ணால் தொகுத்து, அந்தத் தொகுப்புக்குள் இரண்டும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எஸ்க்யூலைட் (SQLite) தரவுத்தளத்தில் உரை தேடும் "லைக்" (LIKE) பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு பார்க்காது. டக்டிபி (DuckDB) தரவுத்தளத்தில் பார்க்கும், அங்கே "ஐலைக்" (ILIKE) போடுங்கள்.

மூன்றாம் நாள் ராசி. தமிழ் வாசகர்கள் இங்கே கவனமாக இருக்க வேண்டும். நம் ஜாதக ராசி சந்திரன் நின்ற இடம். இங்கே கேட்பது மேற்கத்திய சூரிய ராசி. அவர்களின் மேஷம் மார்ச் 21 முதல் ஏப்ரல் 19 வரை. நம் சித்திரையோ ஏப்ரல் 14-ஐ ஒட்டித்தான் பிறக்கும். சீன விலங்கு ஆண்டுக்குப் பிறந்த ஆண்டை 12-ஆல் வகுத்த மீதியே போதும்: குரங்கு 0, நாய் 2, எலி 4, முயல் 7. ஜனவரி, பிப்ரவரியில் பிறந்தவர்களுக்கு மட்டும் சீனப் புத்தாண்டு எந்தத் தேதி என்று பார்க்க வேண்டும்.

விடியற்காலை வாங்கியவரைத் தேடும்போது எஸ்க்யூலைட்டில் ஒரு பொறி உண்டு. நேரத்திலிருந்து மணியைப் பிரித்தால் கிடைப்பது எண் அல்ல, உரை. கணக்கிட்டுக் கிடைத்த உரையை 5 என்ற எண்ணோடு ஒப்பிட்டால் உரைதான் எப்போதும் பெரிது. பிழைச் செய்தி எதுவும் வராது, காலி அட்டவணைதான் வரும். முழு எண்ணாக மாற்றிவிட்டு ஒப்பிடுங்கள்.

லாப நட்டம் பார்க்கும் புதிரில், ஆர்டர் அட்டவணையைப் பொருள் வரிகளோடு இணைத்த பிறகு மொத்தத் தொகையைக் கூட்டாதீர்கள். மூன்று பொருள் உள்ள ஆர்டரின் தொகை மூன்று தடவை கூடிவிடும். விற்ற விலையில் கொள்முதல் விலையைக் கழித்து, எண்ணிக்கையால் பெருக்கிக் கூட்டுவதே சரி.

ஏழாம் நாள்தான் என் கணிப்பில் எட்டிலும் கடினமானது, அழகானதும் அதுவே. ஒரே பொருளை வேறு நிறத்தில், ஏறக்குறைய அதே நேரத்தில் வாங்கிய இன்னொருவரைப் பிடிக்க வேண்டும். நிறம் பொருளின் பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் இருக்கும். அதை வெட்டினால்தான் பொருள் ஒத்துப்போகும். நான்கு லட்சம் வரிகளை அப்படியே தன்னோடு இணைத்தால் கணினி திணறும். முந்தைய நாளின் ஆள் வாங்கியதை மட்டும் சிறு அட்டவணையாக எடுத்து, அதை முழுப் பதிவோடு இணையுங்கள். நேர இடைவெளியை 10 நிமிடத்தில் தொடங்கிக் குறைத்துக்கொண்டு வரலாம்.

எக்செலிலும் முடியும், வரி வரம்பு 10,48,576 என்பதால் தரவு அடங்கும். ஆனால் வரிக்கு வரி தேடும் வி-லுக்அப் (VLOOKUP) போட்டால் நகராது. எக்செலுக்குள்ளேயே இருக்கும் பவர் குவெரியில் (Power Query) இணையுங்கள். வெறும் பார்வைக்கு விசிடேட்டா (VisiData) என்ற அட்டவணை பார்க்கும் கருவி மிக வேகம்.

குறை என்று சொன்னால், குறிப்புகள் நியூயார்க் வாழ்க்கை தெரிந்தவருக்கு எழுதியவை. பேகல் எந்த வகைப் பண்டம், ஸ்டேட்டன் ஐலண்ட் எங்கே என்று தேட வேண்டியிருக்கும். குறிப்பின் எல்லாச் சொல்லையும் நிபந்தனையாக்கினால் யாரும் மிஞ்ச மாட்டார்கள்; உறுதியான இரண்டில் தொடங்கி, இருபது பேர் வந்த பிறகு அடுத்ததைச் சேருங்கள்.

எட்டையும் முடித்தால் வேகச் சுற்றுக்கு வேறொரு தரவுத் தொகுப்பு கிடைக்கும். கதை அதே, ஆட்களும் சில விவரங்களும் வேறு. ராசி, ஊர், வாடிக்கையாளர் எண் ஆகியவற்றை வினவலுக்குள் புதைக்காமல் மேலே மாறிகளாக வைத்திருந்தால், கோப்பை மாற்றி மறுபடி ஓட்டினாலே பெரும்பாலான நாட்களின் விடை வந்துவிடும்.