ஆச்சேயில் வட்டி போயாச்சு, சரி; இனி முராபஹாவா, முஷாரகாவா, ஸலமா?

இந்தோனேசியாவின் ஆச்சே மாகாணத்தில் வட்டிக்குக் கடன் தரும் பழைய வங்கிகள் இப்போது இல்லை. மாகாண அரசின் பேங்க் ஆச்சே 2016லேயே வட்டியே இல்லாத முழு இஸ்லாமிய வங்கியாகிவிட்டது. 2018ல் வந்த கானூன், அதாவது மாகாணச் சட்டம், மற்றவர்களையும் மாறச் சொன்னது, அதன்பிறகு மற்ற வங்கிகள் ஒவ்வொன்றாக அங்கிருந்த வட்டிக் கிளைகளை மூடின. ஆனாலும் ஆச்சே இருக்கும் சுமத்ரா தீவில் வறுமை விகிதம் அதிகமுள்ள மாகாணம் என்ற பெயர் பல வருடமாக ஆச்சேயை விடவில்லை. அதனால் வட்டி வங்கியா இஸ்லாமிய வங்கியா என்ற சண்டையை விட்டுவிட்டு, இஸ்லாமிய வங்கிக்குள்ளேயே முராபஹா, முஷாரகா, ஸலம் என்ற மூன்று ஒப்பந்தங்களில் எது ஊரை வளர்க்கும் என்று பார்ப்போம்.

முதலில் முராபஹா. ஆச்சேயில் காப்பி விளையும் காயோ மலைப்பகுதியின் தக்கேங்கோன் பக்கம் காப்பி பயிரிடும் ஒருவருக்குப் பழத்தோல் உரிக்கும் மெஷின் வேண்டும், விலை 1 கோடி ருப்பியா என்று வைத்துக்கொள்ளுங்கள். வங்கி அதை வாங்கி 1.2 கோடிக்கு அவரிடம் விற்கும். மாதம் 5 லட்சம், 24 தவணை. வெளியே வட்டி விகிதம் எகிறினாலும் இந்தத் தவணை ஏறாது, அது பெரிய நிம்மதிதான். தினமும் கல்லாவில் காசு விழும் கடைக்காரருக்கு இது கச்சிதம். காப்பிக்காரருக்கோ அறுவடையில்தான் காசு வரும், தவணை அடுத்த மாதமே ஆரம்பித்துவிடும், விளைச்சல் படுத்தாலும் கட்டித்தான் ஆக வேண்டும். அதோடு, சம்பளத்தில் பிடித்துக்கொள்ளலாம் என்பதால் அரசு ஊழியருக்கு நுகர்வுக் கடன் கொடுப்பதுதான் வங்கிக்குச் சுலபம், பேங்க் ஆச்சேயின் பணம் பெரும்பாலும் போவதும் அங்கேதான். அதில் வாங்கும் பைக் ஜாவாவில் தயாராகிறது. ஆச்சேக்கு அதில் என்ன வளர்ச்சி?

முஷாரகாவில் இருவரும் முதல் போடுகிறார்கள். லாபம் பேசிய விகிதத்தில், நஷ்டம் போட்ட முதலின் விகிதத்தில். காப்பிச் செடி காய்க்க மூன்று நான்கு வருடம் ஆகும், அவ்வளவு காலம் பொறுக்கக்கூடிய பணம் இதுதான். ஆனால் கணக்கே எழுதாத சிறு விவசாயியின் லாபத்தை வங்கி எப்படிப் பார்க்கும்? கூட்டுறவுச் சங்கத்துக்கும் பதப்படுத்தும் ஆலைக்கும் சரிவரும், தனி ஆளுக்குக் கஷ்டம்.

என் ஓட்டு ஸலமுக்கு. எடை, தரம், தேதி எல்லாம் பேசி முழு விலையையும் வங்கி முன்பே கொடுத்துவிட்டு அறுவடையில் காப்பியை வாங்கிக்கொள்வது. இப்போது உரத்துக்கும் பிள்ளைகள் படிப்புக்கும் விவசாயி உள்ளூர் தொக்கேயிடம், அதாவது கொள்முதல் வியாபாரியிடம், முன்பணம் வாங்குகிறார், அப்புறம் அவர் சொன்ன விலைக்கே கொடுக்க வேண்டியதாகிறது. இந்த மூன்றில் தொக்கேயின் இடத்தில் போய் நிற்கக்கூடிய ஒரே ஒப்பந்தம் ஸலம்தான். மூட்டையை வைத்துக்கொண்டு வங்கி என்ன செய்யும் என்று கேட்பார்கள். அதற்கும் வழி இருக்கிறது, ஏற்றுமதியாளரோடு இன்னொரு ஸலம் தனியாகப் போட்டு விற்றுவிடலாம். சரக்கு வராமல் போகும் ஆபத்துக்குக் காயோ மலைப்பகுதியின் கூட்டுறவுச் சங்கங்களை ஜாமீனாக வைக்கலாம். பேங்க் ஆச்சேயின் பங்குகள் மாகாண, மாவட்ட அரசுகளின் கையில் இருக்கின்றன, ஆகவே அடுத்த அறுவடைக்கு முன் ஒரு மாவட்டத்திலாவது இதை ஆரம்பிக்கச் சொல்ல அவர்களால் முடியும்.